மேட்டுக்கு அந்தப் பக்கத்துத் தண்ணீர்

எதையும் ஒரு தடவை பார்த்துவிட்டு விடுகிற ஆள் இல்லை நான். கேஸை மூடினேனா என்று படுத்த பிறகும் எழுந்து போய்ப் பார்ப்பேன். பஸ் ஏறி உட்கார்ந்ததும் வூட்டைப் பூட்டினேனா என்று இறங்கிவிடப் பார்ப்பேன். அப்படிப்பட்டவளுக்குத்தான் அந்தச் சித்திரையில், தக்காளி பூவும் பிஞ்சுமாக நிற்கும்போது, போர் தண்ணீர் நின்றுபோனது.

முதலில் தண்ணீர் விட்டு விட்டு வந்தது. அப்புறம் சேறு வந்தது. அப்புறம் வெறும் காற்று. என் வீட்டுக்காரர் ஸ்டார்ட்டரை நிறுத்திவிட்டு வரப்பில் உட்கார்ந்தார். டீசல் எஞ்சின் வாடகைக்குக் கேட்டால் பத்து நாள் ஆகும் என்றார்கள். ஊரில் பாதிப் பேருக்கு இதே கதை. செடி பத்து நாள் நிற்காது. நாலாம் நாளே இலை சுருண்டு, பூ காம்போடு உதிரத் தொடங்கிவிடும். அந்த ஒரு ஏக்கர்தான் எங்களுக்கு அந்த வருஷம்.

தண்ணீரே இல்லாமல் இல்லை. அதுதான் இன்னும் கொடுமை. எங்கள் நிலம் பாலக்கோட்டுப் பக்கத்தில் ஒரு சரிவு. அதன் மேல் ஓரத்தில் ஒரு மேடு. மேட்டுக்கு அந்தப் பக்கம், எங்கள் பாறை நிலத்திலேயே, பழைய கல்குழி. என் மாமனார் காலத்தில் கல் வெட்டக் குத்தகைக்கு விட்டது. வெட்டியவர்கள் அள்ளிக் கொட்டிய மண்ணும் சல்லியும்தான் அந்த மேடு. குழியில் எந்தக் கோடையிலும் பச்சையாகத் தண்ணீர் கிடக்கும். அங்கே கரண்ட் கிடையாது; டீசல் எஞ்சின் கேட்டதும் அதை இறைக்கத்தான். எனக்கு அந்தக் குழியைக் கண்டாலே பயம். மாடு தவறி விழும், ஆள் தவறி விழும் என்று சுற்றிலும் முள்ளை வெட்டிப் போட்டு வைத்தவள் நான்.

ஐந்தாம் நாள் காலையில், வூட்டு ட்ரம்மில் அடியில் கிடந்த தண்ணீரைச் சின்ன ஹோஸ் போட்டு எடுத்துக்கொண்டிருந்தேன். எல்லா வூட்டிலும் செய்கிறதுதான். ஒரு முனை ட்ரம்முக்குள், இன்னொரு முனையை வாயில் வைத்து ஒரு உறிஞ்சு, கீழே இருக்கிற குடத்தில் விட வேண்டியது. எத்தனையோ வருஷமாகச் செய்கிறேன். அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. தண்ணீர் ட்ரம்முக்குள்ளிருந்து மேலே ஏறி, விளிம்பைத் தாண்டி, அப்புறம் இறங்குகிறது. யாரும் தூக்கவில்லை. மோட்டார் இல்லை. ஒரு மேட்டைத் தாண்டுகிறது.

குடம் நிரம்பி வழிந்தது கூடத் தெரியாமல் நின்றேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னதும் சிரித்தார். "குழிக்குள்ள கெடக்குற தண்ணி மேடு ஏறிக் குதிச்சு வருமா? அது என்னா கொரங்கா?"

"ட்ரம்ல வருதுங்களே."

"ட்ரம் கல்லு மேல இருக்குது, குடம் தரையில இருக்குது. வருது. குழியில தண்ணி பாதாளத்துல கெடக்குது. கம்முனு இரு, நானே எரிச்சல்ல இருக்குறன்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நிலத்திலிருந்து மேட்டில் ஏற வேண்டும், அப்புறம் குழிக்குள் இறங்க வேண்டும். ஏறினது அதிகமா, இறங்கினது அதிகமா? குழித் தண்ணீர் எங்கள் வயலுக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா? மேலே இருந்தால் பிழைத்தோம். கீழே இருந்தால் எந்த ஹோஸும் ஒன்றும் பண்ணாது. இத்தனை வருஷம் அங்கேயே இருந்தும் எங்களில் ஒருத்தருக்கும் அது தெரியாது. மேட்டின் மேல் நின்று பார்த்தால் இந்தப் பக்கம் வயலும் பள்ளமாகத் தெரிகிறது, அந்தப் பக்கம் தண்ணீரும் பள்ளமாகத் தெரிகிறது.

ஆனால் அதைக் கண்டுபிடிக்கிற வழி எனக்குத் தெரியும். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு, கல்யாணம் ஆகும் வரை தர்மபுரியில் சித்தாள் வேலைக்குப் போனவள் நான். கட்டட வேலையில் மட்டம் பார்க்க ஒரு கண்ணாடி டியூப் இருக்கும், உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் குழாய். சுண்டு விரல் கனம். அதில் தண்ணீர் நிரப்பி, மேஸ்திரி ஒரு முனையைப் பிடிப்பார், நான் இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போவேன். நடுவில் சுவர். அவரை நானும் பார்க்க முடியாது, என்னை அவரும் பார்க்க முடியாது. என் கையில் தண்ணீர் ஏறி இறங்கி ஆடும், அப்புறம் நின்றுவிடும். நின்ற இடத்தில் பென்சிலால் கோடு போடுவேன். அங்கே அவர் கையில் நின்ற உயரமும் இங்கே என் கையில் நின்ற உயரமும் ஒன்று. மயிரிழை பிசகாது. "காத்துக் குமிழி மட்டும் இருக்கக் கூடாது புள்ள. இருந்துச்சு, வூடே கோணிக்கும்" என்பார் மேஸ்திரி. அதனால் நான் குமிழி இருக்கிறதா என்று மூன்று தடவை பார்ப்பேன். எனக்கு வாய்த்த பயத்துக்கு ஏற்ற வேலை அது ஒன்றுதான்.

என் ஓரகத்தியைக் கூப்பிட்டேன். கொழுந்தனார் ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறார், அவள் பக்கத்து வூட்டில் இருக்கிறாள். வீட்டில் தெலுங்கு பேசி வளர்ந்தவள். எதையும் சிரித்துக்கொண்டே செய்வாள். பாலக்கோட்டில் கண்ணாடி டியூப் வாங்கிக்கொண்டு, இரண்டு நேரான குச்சிகளில் என் கையால் சாண் சாணாக அளந்து கரியால் கோடு போட்டோம். வயலின் மேல் ஓரத்தில், சொட்டுநீர் டேங்க் நிற்கிற மேடையின் அடியில் ஆரம்பித்தோம். அவள் கீழே ஒரு குச்சியோடு நிற்பாள், நான் டியூப் போகிற தூரம் மேலே ஏறி நிற்பேன். இரண்டு முனையிலும் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று கத்திக்கொள்வோம். வித்தியாசம்தான் ஏறின உயரம். அப்புறம் அவள் என்னைத் தாண்டி மேலே போவாள்.

எழுதிக் கூட்டினால் தப்பு வரும் என்று எனக்கு என் மேலேயே சந்தேகம். அதனால் இரண்டு டிபன் பாக்ஸ் எடுத்துக்கொண்டேன். ஏறுகிற ஒவ்வொரு சாணுக்கும் ஒன்றில் ஒரு கல். இறங்குகிற ஒவ்வொரு சாணுக்கும் மற்றதில் ஒரு கல்.

"அக்கா, சோத்துக்குப் பதிலா கல்லு. மாமாவுக்கு மத்தியானம் இதையே வெச்சிரலாமா?"

"சிரிக்காத. ஆடுது பாரு டியூப்."

"டியூப் ஆடல, உங்க கையிதான் ஆடுது."

மேட்டு உச்சி வரை இருபத்தேழு கல். அங்கிருந்து குழிக்குள் பாறைப் படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினேன். பாசி வழுக்கியது. ஓரகத்தி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க விழுந்தா நானும் விழுவன், அதனால விழாதீங்க." தண்ணீரின் விளிம்பைக் குச்சி தொட்டபோது இறக்கப் பெட்டியில் இருபத்தொரு கல்.

பாறையில் உட்கார்ந்து இரண்டு பெட்டியையும் கொட்டினேன். இதில் ஒன்று, அதில் ஒன்று என்று ஜோடி ஜோடியாக எடுத்து வீசினோம். ஒவ்வொரு கல்லும் தண்ணீரில் விழுந்து வட்டம் போட்டது. இறக்கக் கல் தீர்ந்துபோனது. என் உள்ளங்கையில் ஆறு கல் மிச்சம்.

ஆறு சாண். அந்தக் குழித் தண்ணீர் எங்கள் டேங்க் மேடையின் அடியை விட ஆறு சாண் உயரத்தில் இருக்கிறது. பாதாளம் பாதாளம் என்று நாங்கள் சொன்ன தண்ணீர் எங்கள் தலைக்குக் கிட்டே நின்றுகொண்டிருந்திருக்கிறது, இத்தனை வருஷமும்.

வீட்டுக்காரர் நம்பவில்லை. ஆனால் வேறு வழியும் இல்லை. கொழுந்தனாரின் பழைய கருப்பு பைப் சுருள் ஒன்று கிடந்தது, ஒன்றரை இன்ச். அதைக் குழியிலிருந்து மேட்டைத் தாண்டி வயலுக்கு இழுத்தோம். குழிக்குள் போகிற முனையில் ஃபுட் வால்வு மாட்டினார். தண்ணீரை உள்ளே விடும், திரும்பி வெளியே விடாது. வயல் பக்கத்து முனையில் திறந்து மூடுகிற வால்வு. மேட்டு உச்சியில் பைப்பை வெட்டி, தண்ணீர் ஊற்ற ஒரு வாயும் மூடியும் வைத்தார். இவ்வளவு நீளத்தை வாயால் உறிஞ்ச முடியாது, குடத்தால் ஊற்றித்தான் நிரப்ப வேண்டும்.

நானும் ஓரகத்தியும் குழியிலிருந்து குடம் குடமாகத் தூக்கிப் போய் உச்சியில் ஊற்றினோம். உள்ளேயிருந்து காற்று குளுக் குளுக் என்று வெளியே வந்தது. பதினோரு குடம் குடித்தது அந்தப் பைப். கடைசிக் குமிழி வந்த பிறகும் நான் விடவில்லை. பைப்பைத் தட்டித் தட்டி இன்னும் இரண்டு குமிழி எடுத்தேன். மூடியை இறுக்கினேன். மறுபடி இறுக்கினேன்.

கீழே வீட்டுக்காரர் பைப் முனையை டேங்க் மேலே கொண்டுபோய்க் கட்டியிருந்தார். எங்கள் பக்கம் சொட்டுநீர் போட்டவர்கள் எல்லோரும் அப்படித்தான். தண்ணீர் முதலில் மேடை மேல் இருக்கிற டேங்குக்கு ஏற வேண்டும், அங்கிருந்து செடிக்கு இறங்க வேண்டும். மேடை எவ்வளவு உயரமோ அவ்வளவு நல்லது என்று ஆளாளுக்கு உயர்த்திக் கட்டுவோம். எங்களுடையது என் கழுத்தளவு மேடை, அதற்கு மேல் டேங்க்.

"தொறக்கட்டா?" என்று கத்தினார். வால்வைத் திறந்தார்.

ஒரு கை தண்ணீர் சிந்தியது. அவ்வளவுதான். நான் ஓடி வந்து ஏணியில் ஏறிப் பார்த்தேன். தண்ணீர் பைப்பின் வாய் வரை வந்து நின்றுகொண்டிருந்தது. விழவும் இல்லை, உள்ளே போகவும் இல்லை. வெயில் பட்டு லேசாக நடுங்கிக்கொண்டு அப்படியே நின்றது.

"சொன்னனா?" என்றார். அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. போய் வேப்ப மரத்தடியில் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டார்.

எனக்கு உள்ளே எல்லாம் இடிந்தது. கல்லை எண்ணுவதில் எங்கேயோ விட்டுவிட்டேன். எட்டாவதோடு நின்றவள் கணக்குப் போட்டால் இப்படித்தான். ஒரு நாள் வேறு போய்விட்டது. மேல் வரிசையில் பூ உதிர்ந்து, செடியடியில் விரித்திருந்த கருப்புச் சீட்டின் மேல் மஞ்சளாகக் கிடந்தது.

பைப்பைச் சுருட்டி வைக்கலாம் என்று வால்வை மூடினேன். அப்போது தோன்றியது, உள்ளே பதினோரு குடம் தண்ணீர் இருக்கிறதே, நாங்கள் தூக்கிய தண்ணீர், அதையாவது நாலு செடிக்கு ஊற்றலாம். கட்டை அவிழ்த்து முனையைக் கீழே இறக்கி, குடத்து வாயில் வைத்துத் திறந்தேன். தண்ணீர் விழுந்தது. குடம் நிரம்பியதும் மூடினேன், ஓரகத்தி எடுத்துக்கொண்டுபோய் ஊற்றிவிட்டு வந்தாள். மறுபடி திறந்தேன். அவள் பாட்டுக்கு எண்ணிக்கொண்டே நடந்தாள். நான் எதையும் கவனிக்கிற நிலையில் இல்லை.

"ஒம்போது."

"பத்து."

"பதினொண்ணு. தீந்துச்சு அக்கா."

தீரவில்லை. குடம் நிரம்பியது.

"பன்னெண்டு," என்றாள். குரல் மாறிவிட்டது. "அக்கா, நாம பதினொண்ணுதான ஊத்துனோம்?"

பதினோரு குடமும் என் கைதான் ஊற்றியது, மூன்று தடவை எண்ணியது. பதின்மூன்று நிரம்பியது. பதினான்கு நிரம்பியது. அது நாங்கள் தூக்கிய தண்ணீர் இல்லை. அதைத் தூக்கினது யார்? நான் மேட்டைப் பார்த்தேன். மேடு அப்படியே இருந்தது. அதன் மேல் கருப்புப் பைப் ஒரு பாம்பு மாதிரி அசையாமல் படுத்திருந்தது. அதற்குள் தண்ணீர் ஏறி வந்துகொண்டிருக்கிறது. சத்தமே இல்லை.

குடத்தை விட்டுவிட்டுப் பைப்பைக் கையில் எடுத்தேன். தண்ணீர் விழ விழ மெதுவாக மேலே தூக்கினேன். முழங்காலில் நன்றாக வந்தது. இடுப்பில் வேகம் குறைந்தது. மார்பில் நூல் மாதிரி ஆனது. தோளுக்கு வந்ததும் நின்றது. பைப்பின் வாயில், முன்பு டேங்க் மேல் நின்ற மாதிரியே, விழாமல் நடுங்கிக்கொண்டு நின்றது. ஒரு விரற்கடை இறக்கினேன், விழுந்தது. ஏற்றினேன், நின்றது.

என் கையால் சாண் போட்டுப் பார்த்தேன், தரையிலிருந்து தோள் வரை. ஆறு சாண்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மேட்டுக்கு அந்தப் பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கிடக்கிற அந்த அகலமான தண்ணீர் முழுக்க என் தோளைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. நான் முனையை அசைத்தால் அதற்குத் தெரிகிறது. எவ்வளவு உயரத்தில் இருக்கிறேன் என்று அது சொல்கிறது. ஒகேனக்கல்லில் தண்ணீர் விழுவதைப் பார்க்க பஸ் பிடித்துப் போய் வாய் பிளந்து நின்றிருக்கிறேன். அங்கே இழுக்கிறதும் இங்கே இழுக்கிறதும் ஒன்றுதான். அங்கே இரைச்சல் போட்டு இழுக்கிறது. இங்கே என் உள்ளங்கையில் பூனைக்குட்டி மாதிரி நின்றது. புவியீர்ப்பு என்று ஏழாவதிலோ எட்டாவதிலோ படித்த ஞாபகம். மேலே போட்டது கீழே விழும், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. தண்ணீர் மேடு ஏறுவதற்கும் அதே தான் காரணம், இந்தப் பக்கம் விழுகிற தண்ணீர் அந்தப் பக்கத்துத் தண்ணீரைக் கை பிடித்து இழுத்துக்கொண்டு வருகிறது என்பது அடுத்த பக்கத்தில் இருந்திருக்குமோ என்னவோ. நான் அதற்குள் மண் சட்டி தூக்கப் போய்விட்டேன்.

கல்லை நான் தப்பாக எண்ணவில்லை. மேடையின் அடியிலிருந்து எண்ணினேன், டேங்கின் வாயை எண்ணவில்லை. தோள் உயரத்தில் நிற்கிற தண்ணீரை மேடைக்கும் மேலே ஏறி விழச் சொன்னால் எப்படி விழும்?

ஓரகத்தி மரத்தடிக்கு ஓடினாள். "மாமா, எந்திரிங்க. கொரங்கு வந்துருச்சு!"

அவர் வந்து பார்த்தார். கையை நீட்டித் தண்ணீரைத் தொட்டார். மேட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "உள்ள எதாச்சும் மோட்டாரை எறக்கி வெச்சிட்டு வந்தியா?"

"டேங்க் வேணாங்க," என்றேன். "அந்தக் குழியேதான் டேங்க்கு. நேரா ட்ரிப் லைன்ல குடுங்க."

சல்லடை ஃபில்டர் ஒன்றை நடுவில் வைத்து நேராக மெயின் லைனில் மாட்டினார். நான் வரிசை வரிசையாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனேன். முதல் செடியடியில் ஒரு துளி திரண்டது. திரண்டு, கனத்து, விழுந்தது. அடுத்த செடியில் ஒரு துளி. கடைசி வரிசை வரை போய்ப் பார்த்துவிட்டு, நம்பிக்கை இல்லாமல் திரும்பவும் முதலிலிருந்து பார்த்தேன். இரண்டு நாளில் இலை விரிந்தது.

கவலை அதோடு விட்டதா என்றால் இல்லை. குழியில் தண்ணீர் எடுக்க எடுக்க இறங்கும். அதற்கு மேல் மழை பெய்கிற மாதிரி வானத்தில் ஒன்றும் இல்லை. தினமும் காலையில் முனையைக் கழற்றி மேலே தூக்கிப் பார்ப்பேன். தோளில் நின்றது ஒரு வாரத்தில் மார்புக்கு வந்தது. அப்புறம் இடுப்பு. பிஞ்சு காயானபோது தொடை. காய் வெளுத்தபோது முழங்கால். குழிக்குப் போகவே வேண்டாம். அங்கே எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று என் உடம்பிலேயே தெரிந்தது. பழம் முந்துமா, தண்ணீர் முந்துமா?

காய் சிவக்கத் தொடங்கிய வாரம், ஒரு காலையில் முனை தரையில் கிடக்கும்போதுதான் தண்ணீர் வந்தது. மறுநாள் மேல் வரிசைச் செடிகள் துவண்டன. அதற்கடுத்த நாட்களில் இன்னும் சில வரிசை. கீழே உள்ளவை பச்சையாகத்தான் இருந்தன.

"ட்ரிப் அடச்சிருக்குது," என்றார் வீட்டுக்காரர். அவர் சொன்னதற்குக் காரணம் இருந்தது. காய்ந்ததற்கும் பச்சைக்கும் நடுவில் இருந்த கோடு வரிசையோடு போகவில்லை. கிழக்கே நாலாவது வரிசை வரை காய்ந்திருந்தது, மேற்கே ஏழாவது வரை. நடுவில் சாய்வாக, பாத்திகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. தண்ணீர் இல்லாமல் காய்ந்தால் வரிசையாகத்தானே காய வேண்டும்?

முதல் அறுப்பு அன்று காலை கிரேட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தபோது, நான் அந்தக் கண்ணாடி டியூபை எடுத்து வந்தேன்.

"இப்ப எதுக்கு இது? ஆள் வந்துரும், வண்டி வந்துரும்."

"ஒரே ஒரு தடவைங்க. கெழக்க போய்ப் புடிங்க."

முனகிக்கொண்டே போனார். கோட்டின் கிழக்கு முனையில், கடைசியாகக் காய்ந்த செடிக்கும் முதல் பச்சைச் செடிக்கும் நடுவில் குச்சியை ஊன்றினார். நான் மேற்கு முனையில் ஊன்றினேன். டியூப் எட்டாததால் நடுவில் ஓரகத்தியை நிறுத்தி, இரண்டு தடவையாகப் பார்த்தோம். அவர் பக்கத்திலிருந்து அவள் வரை ஒரு தடவை, அவளிடமிருந்து நான் வரை ஒரு தடவை. அவள் நின்ற இடமும் அந்தக் கோட்டின் மேல்தான்.

"எனக்கு நாலுல நிக்குது," என்றார்.

"எனக்கும் நாலு," என்றாள் அவள்.

அப்புறம் டியூப் என் கைக்கு வந்தது. தண்ணீர் ஏறியது, இறங்கியது, ஆடியது. குமிழி இருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்தேன். என் குச்சியிலும் அவள் குச்சியிலும் நாலாவது கரிக்கோட்டில் வந்து நின்றது.

கண்ணுக்குச் சாய்வாகத் தெரிந்த அந்தக் கோடு சாய்வே இல்லை. எங்கள் நிலம்தான் சாய்ந்திருந்தது. குழித் தண்ணீரின் விளிம்பு மேட்டுக்கு அடியில் புகுந்து வந்து வயலின் குறுக்கே படுத்த மாதிரி, எங்கே வரைக்கும் தன்னால் வர முடியுமோ அங்கே வரைக்கும் பச்சையால் கோடு போட்டிருந்தது. நாங்கள் மூன்று பேரும் ஒரு குளத்தின் கரையில் நிற்கிற மாதிரி நின்றோம். எனக்குக் காலை அந்தக் கோட்டுக்குக் கீழே வைக்கவே கொஞ்சம் பயமாக இருந்தது. நனைந்துவிடும் போல.

வீட்டுக்காரர் குச்சியை அங்கேயே விட்டுவிட்டு ஒரு கிரேட்டைத் தூக்கிக்கொண்டார். அப்புறம், "சரி, எறங்குங்க. கோட்டுக்குக் கீழ எல்லாம் நம்முளுது," என்றார்.

ஓரகத்தி முதல் பழத்தைப் பறித்துப் புடவையில் துடைத்து என்னிடம் நீட்டினாள். கடித்தேன். சாறு முழங்கை வரை வழிந்து, நுனியில் திரண்டு, கனத்து, காலடியில் விழுந்தது.